மாவும் மாகாணியும்: தங்கவயல் சொல்லும் பின்னக் கணக்கு

மாசற்ற பொன்னைப் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று வழங்குகிறோம். நற்குணம் வாய்ந்த மனிதரையும் அவ்வாறே போற்றுகிறோம். பத்து என்பது முழு எண்; அரை என்பது பின்னம். இரண்டும் கூடியது கலப்பு எண். மக்கள் தம் பேச்சில் மிகவுயர்ந்த தூய்மைக்கு அடையாளமாகக் கொண்டது ஒரு கலப்பு எண்ணே என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. பொற்கொல்லர் உரைகல்லின்மேல் ஐயத்துக்குரிய பொன்னை ஒரு கோடாக உரைப்பார்; மாற்றுத் தெரிந்த பொன்னை அதன் அருகே மற்றொரு கோடாக உரைப்பார்; இரண்டையும் கண்ணால் ஒப்பிடுவார். ஒன்பதே முக்கால் மாற்றுக்கும் பத்தேகால் மாற்றுக்கும் உள்ள வேற்றுமை அவருக்குப் பள்ளிக்கூடப் பாடம் அன்று, பிழைப்பு.

பின்னங்களுள் எது பெரிது, எது சிறிது என்று அறியும் கலையைப் பற்றிச் சிந்திக்க நாம் கோலார் தங்கவயலைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. பொன்னும் பின்னமும் பிரியாதவை. நெல்லைக் கலமாக அளக்கிறோம். துணியை முழமாக அளக்கிறோம். பொன்னையோ குன்றிமணியளவும் விடாமல் நிறுக்கிறோம். அத்தகைய பொன்னை 120 ஆண்டுக் காலம் பூமிக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்த ஊர் அது.

முதலில் ஊரின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1802-ஆம் ஆண்டில் நில அளவைப் பணியில் இருந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, மாரிக்குப்பம் முதலிய சிற்றூர்களின் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். பிறகு எழுபது ஆண்டுகள் கழிந்தன. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூரில் வாழ்ந்த மைக்கேல் லவேல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875-இல் சுரங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றார். 1880-இல் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்தனர். முதற்சில ஆண்டுகள் ஏமாற்றமே கிடைத்தது. பங்குப் பணத்தின் பெரும்பகுதி கரைந்தது. மைசூர் சுரங்கத்தில் ‘சாம்பியன்’ என்று பின்னர்ப் பெயர் பெற்ற செழித்த பொன்னடுக்கு 1883-ஐ ஒட்டிக் கிடைத்த பிறகே நிலைமை மாறிற்று. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகாம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கு பெருஞ்சுரங்கங்கள் தழைத்தன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். மைசூர் சீமையின் நடுவே ஒரு தமிழ் நகரம் தோன்றியது.

இத்தமிழர் தம்முடன் கொண்டு சென்ற செல்வங்களுள் ஒன்று எண்ணுப் பெயர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனனம் செய்த காலம் அது. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி. நான்கு முந்திரி ஒரு காணி; அது 80-இல் ஒரு பங்கு. பதினாறு முந்திரி ஒரு மா. அது 20-இல் ஒரு பங்கு. இருபது முந்திரி ஒரு மாகாணி. அது 16-இல் ஒரு பங்கு. அதனையே வீசம் என்றும் வழங்குவர். நாற்பது முந்திரி அரைக்கால், எண்பது முந்திரி கால், நூற்றறுபது அரை, இருநூற்று நாற்பது முக்கால்.

இப்பொழுது ஒரு வினா எழுப்புவோம். மா பெரிதா, மாகாணி பெரிதா? இன்றைய பள்ளி மாணவனிடம் இருபதில் ஒன்று பெரிதா, பதினாறில் ஒன்று பெரிதா என்று கேட்டால், இருபதே பெரிய எண் ஆதலால் இருபதில் ஒன்றே பெரிது என்று அவன் விடை கூறக்கூடும். குழந்தைகள் பெரிதும் இடறி விழும் இடம் இதுவே. கூறுபோடும் எண் பெருகப் பெருகக் கூறு சிறுகும் என்பது முழு எண்களோடு மட்டும் பழகிய மனத்துக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஆனால் பெயரை உற்று நோக்குங்கள். மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது. இருபதில் ஒன்றோடு எண்பதில் ஒன்றைக் கூட்டினால் எண்பதில் ஐந்து. அதாவது பதினாறில் ஒன்று. ஆகவே மாவைவிட மாகாணி ஒரு காணியளவு பெரிது. சொல்லே விடை கூறிவிடுகிறது. கணக்குப் போட வேண்டியதே இல்லை.

இம்முறையின் அடிப்படை என்ன? எல்லாப் பின்னங்களையும் ஒரே அளவுகோலால் அளப்பதே. 3/16 பெரிதா, 3/20 பெரிதா? முந்திரியாக மாற்றினால் முதலாவது 60, இரண்டாவது 48. ஐயம் தீர்ந்தது. பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும், கீழெண்ணைப் பகுதி என்றும் கணித நூலார் கூறுவர். பகுதிகள் வேறாக இருக்குமட்டும் ஒப்பீடு இல்லை. பகுதியை ஒன்றாக்கினால் தொகுதிகளை ஒப்பிட்டால் போதும். இப்பொதுப் பகுதியை ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகத் தேடாமல், 320 என்று ஒருமுறை நிறுவிக்கொண்டு வாழ்ந்தனர் நம் முன்னோர். அதற்கும் நுண்ணிய அளவு வேண்டியபோது முந்திரியை மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். அது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. சோழர் கல்வெட்டுகளில் நில அளவு இவ்வாறு கீழ், கீழ் என்று இறங்கிச் செல்வதைக் காணலாம்.

பொதுப் பகுதி காணும் விதியை நூலாக வகுத்த பெருமை கன்னட நாட்டுக்கு உரியது. இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், கி.பி. 850-ஐ ஒட்டி, மகாவீராசாரியர் என்னும் சமணப் பெரியார் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டு பின்னங்களை ஒருபடித்தாக்கும் முறையை அவர் ‘நிருத்தம்’ என்னும் பெயரால் விளக்கியுள்ளார். அந்நூலை எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னையில் வெளியிட்டார். எண்சுவடியும் நிருத்தமும் தமிழ் மக்களும் கன்னட மக்களும் போல் அண்டை வீட்டார். ஒன்று வாய்பாடாக நாவில் வாழ்ந்தது; மற்றொன்று விதியாக ஏட்டில் வாழ்ந்தது.

இனி மீண்டும் பொன்னுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த பொற்கலங்களின் எடையைக் கல்வெட்டுகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குறிக்கின்றன. ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல்லால் அப்பொன் நிறுக்கப்பட்டது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆகவே மஞ்சாடி என்பது கழஞ்சில் ஒரு மா. கோலார் சுரங்க அலுவலகத்து ஆங்கிலேயர் பொன்னை டிராய் அவுன்ஸ் கணக்கில் நிறுத்தனர். ஓர் அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட். ஆகவே பென்னிவெயிட் என்பது அவுன்ஸில் ஒரு மா. ஒன்றையொன்று அறியாத இரு நாடுகள் பொன்னை இருபதாகவே கூறுபோட்டிருந்தன! இன்னும் ஒன்று: சுரங்கத்தில் விளைந்த பொன்னின் மதிப்பில் மைசூர் அரசு பெற்றுவந்த உரிமைப் பங்கு நூற்றுக்கு 5. அதுவும் இருபதில் ஒன்றே, ஒரு மாவே.

சுரங்கத்தில் கலப்பு எண்ணின் ஒப்பீடு எப்படிப் பயன்படும் என்பதற்கு ஓர் உதாரணம் கொள்வோம். ஓரிடத்துப் பாறையில் டன்னுக்கு 1¼ அவுன்ஸ் பொன் இருப்பதாகவும், மற்றோரிடத்தில் 1 3/20 அவுன்ஸ் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எங்கே தோண்டுவது? கலப்பு எண்களில் முதலில் முழு எண்ணைப் பார்த்தல் வேண்டும். அது வேறுபட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. 2 1/100 என்பது 1 99/100-ஐ விடப் பெரிதே. இங்கோ முழு எண் இரண்டிலும் ஒன்று. எனவே பின்னங்களைப் பார்க்கிறோம். மூன்றும் இருபதும் பெரிய எண்களாய்க் கண்ணை மயக்குகின்றன. ஆயின் கால் என்பது ஐந்து மா. 3/20 என்பது மும்மா. ஆகவே முதலிடமே செழிப்பானது. ஆயிரம் டன் பாறையை உடைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 100 அவுன்ஸ். மயங்கிய கண்ணுக்கு விலை நூறு அவுன்ஸ் பொன்.

இலண்டன் பங்குச் சந்தையில் சுரங்கப் பங்குகளின் விலை பவுனிலும், பவுனின் பதினாறில் பங்கு, முப்பத்திரண்டில் பங்கு எனும் பின்னங்களிலும் குறிக்கப்பட்டு வந்தது. 5 5/16 பவுன் பெரிதா, 5 3/8 பவுன் பெரிதா என்று அங்கிருந்த தரகர் நொடியில் சொல்லியாக வேண்டும். 3/8 என்பது 6/16. ஆகவே அதுவே ஒரு வீசம் பெரிது. திண்ணைப் பள்ளி மாணவனும் அவ்வாறே கூறியிருப்பான். அரைக்காலும் காலும் சேர்ந்தால் ஆறு மாகாணி என்பது அவனுக்கு மனப்பாடம்.

எனினும் 320 எல்லாப் பூட்டுக்கும் சாவி அன்று. அதனை மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது. ஆபரணத் தங்கத்தை 22 காரட் என்கிறோம். தூய தங்கம் 24 காரட். எனவே ஆபரணத் தங்கத்தின் தூய்மை 22/24, சுருக்கினால் 11/12. இதனை முந்திரியாக்க முயன்றால் 293⅓ என்று நிற்கிறது. நகைக்கடையில் 916 என்று முத்திரையிடுவதும் இந்தப் பின்னத்தையே. ஆயிரத்துக்கு 916⅔ என்பதில் மிஞ்சிய பின்னத்தை விட்டுவிடுகிறோம். சரி, 11/12 பெரிதா, 9/10 பெரிதா? இங்கே குறுக்குப் பெருக்கல் உதவும். பதினொன்றைப் பத்தால் பெருக்கினால் 110. ஒன்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 108. ஆகவே 11/12 பெரிது. இன்னும் எளிய வழியும் உண்டு. முழுமைக்கு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒன்றில் குறைவது பன்னிரண்டில் ஒரு பங்கு. மற்றதில் குறைவது பத்தில் ஒரு பங்கு. குறை சிறிதானது நிறை பெரிது. மனிதரை எடைபோடவும் இவ்வழி பயன்படும் போலும்!

இதுவரை கூறியவை எல்லாம் ஒரே முழுமையின் கூறுகளைப் பற்றியவை. ஆனால் வாழ்க்கையில் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் தொகுதியோ பகுதியோ அன்று. எதன் பகுதி என்னும் கேள்வியை நாம் கேளாது விடுவதே. மொத்த விளைவில் ஒரு மா என்பது பெரிதா, நிகர இலாபத்தில் இருமா என்பது பெரிதா? இருமா இரட்டிப்பு ஆயிற்றே என்று தோன்றும். 100 அவுன்ஸ் பொன் விளைந்ததாகக் கொள்வோம். விளைவில் ஒரு மா 5 அவுன்ஸ். செலவு 60 அவுன்ஸ் மதிப்புக்குச் சென்றால் எஞ்சியது 40; அதில் இருமா 4 அவுன்ஸ் மட்டுமே. செலவு 40 ஆனால் எஞ்சியது 60. அதில் இருமா 6 அவுன்ஸ். சரிபாதி இலாபம் கிட்டினால் இரண்டும் ஒன்றே. செலவுக் கணக்கை எழுதுபவர் யாரோ அவர் கையில் இருமாவின் அளவு இருக்கிறது. விளைவில் பங்கு கேட்பவருக்கோ தராசே சாட்சி. நாடுகளும் சுரங்கக் கம்பெனிகளும் இன்றுவரை வாதாடும் செய்தி இதுவே. பின்னத்தைச் சொல்லி முழுமையைச் சொல்லாதவரிடம் நாம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

தொழிலாளரின் கணக்குக்கு வருவோம். அவர்தம் கூலி ரூபாய், அணா, பைசாவில் இருந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் ஆதலால் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். அணாவில் கால் பங்கு ஒரு பைசா. அது ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய வார இதழின் முதற்பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. உழைக்கும் எளியவரும் வாங்கிப் படிக்கத்தக்க பின்னத்தைப் பெயரிலேயே தாங்கி வந்த இதழ் அது. அவருடைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் கிளை இருந்தது. அவர் மறைவுக்குப் பின் 1926-இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். ரூபாயின் 64-இல் ஒரு பங்கு, ஒரு சமுதாயத்தின் கல்விக்கு விலையாயிற்று.

1956 நவம்பரில் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. அடுத்த ஏப்ரல் முதல் நாள், அதாவது 1957 ஏப்ரல் 1-ஆம் நாள், நாடெங்கும் தசம நாணயம் புகுந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா. பழைய அணா 6¼ நயா பைசா ஆதல் வேண்டும். ஆனால் கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. எனவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை வகுத்தனர். ஓரணாவாகப் பதினாறு முறை மாற்றியவர் கையில் 96 பைசா. மூன்றணாவாக ஐந்து முறையும் ஓரணாவாக ஒரு முறையும் மாற்றியவர் கையில் 101 பைசா! முன்னவர் இழந்தது ரூபாயில் 25-இல் ஒரு பங்கு, மாவைவிடச் சிறிதுதான். ஆயினும் ஓரணா ஓரணாவாகச் சாமான் வாங்குபவர் ஏழையே அன்றோ? முழுமையாக்கும்போது உதிரும் பின்னம் யார் மடியில் விழுகிறது, யார் மடியிலிருந்து விழுகிறது என்பதையும் கணக்கு அறிந்தவர் கேட்க வேண்டும். பைசா என்னும் பெயரே 64-இல் ஒன்றிலிருந்து 100-இல் ஒன்றுக்கு இறங்கிற்று. 1964-இல் ‘நயா’ என்னும் அடைமொழியும் உதிர்ந்தது. பெயர் அதுவே, பின்னம் வேறு.

சுரங்கங்கள் 1962-இல் மத்திய அரசிடம் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. பாறை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருந்தது. பொன்னோ நாளுக்கு நாள் மெலிந்தது. தொடக்க காலத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதிக் காலத்தில் மூன்று, நான்கு கிராமாகக் குறைந்தது. ஒரு மெட்ரிக் டன் பத்து இலட்சம் கிராம். அதில் ஒரு கீழ்முந்திரி எவ்வளவு? பத்து இலட்சத்தை 1,02,400-ஆல் வகுத்தால் ஒன்பதே முக்கால் கிராமைச் சற்றே விஞ்சும். ஆகவே செழித்த நாளில் பாறையில் பொன் நான்கு கீழ்முந்திரி. மெலிந்த நாளில் அரைக் கீழ்முந்திரிக்கும் குறைவு. முன்னோர் வகுத்த நுண்ணளவு, மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பாறையின் செல்வத்தையும் வறுமையையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் என்று யார் எண்ணியிருப்பார்?

நான்கு கீழ்முந்திரியில் ஒரு நகரம் வாழ்ந்தது. அரைக் கீழ்முந்திரியில் அது வாழ இயலவில்லை. எடுக்கும் செலவு எடுத்த பொன்னின் விலையை விஞ்சிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. 120 ஆண்டுகளில் வெளிவந்த பொன் 800 டன்னுக்கு மேற்பட்டது. அதனை எடுத்தவர்களின் மக்கள் பலர் இன்று விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஊரைச் சூழ்ந்து நிற்பவை, அரைத்துப் பொன் பிரித்தபின் கொட்டிய மண்ணாலான சயனைடு மேடுகள். அம்மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகப் பொன் இன்னும் எஞ்சியிருக்கிறது. அச்சிறு பின்னத்தையும் எடுக்கலாமா என்று அரசுகள் இப்பொழுது ஆராய்கின்றன. தோண்டும் செலவு இல்லை. பொன்னின் விலையோ உயர்ந்துவிட்டது. எனவே நேற்றுச் சிறிதாய் இருந்த பின்னம் இன்று பெரிதாய்த் தோன்றுகிறது. ஆனால் அதில் ஒரு மாவேனும் அம்மேட்டின் புழுதியை மூச்சில் வாங்கி வாழ்ந்தவர்க்கு உண்டா என்னும் வினாவையும் நாம் கேட்டாக வேண்டும்.

எண்சுவடி மறைந்தது. மாவும் காணியும் பேச்சிலிருந்து பெரும்பாலும் நீங்கின. கால், அரை, முக்கால் மட்டும் நிலைத்தன. ஆயினும் பழைய பின்னக் குறிகளுக்கு 2019-ஆம் ஆண்டில் கணினி எழுத்து முறையாகிய யூனிகோடில் இடம் கிடைத்தது. குறிகள் பிழைத்தன, இனி வேண்டுவது அவற்றின் பின்னால் இருந்த பழக்கம். ஒப்பிடுமுன் ஒரே அளவுகோலைத் தேடு. முழு எண்ணை முதலில் பார். பெரிய எண்ணைக் கண்டு மயங்காதே. எதன் கூறு என்று கேள். இந்நான்கையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாயின், அவர்கள் தேர்வில் வெல்வதோடு தராசின் முன்னும் ஏமாறாமல் நிற்பர். பத்தரை மாற்றின் அந்த அரை, பத்தைப் போலவே நம் கவனத்துக்கு உரியது.